தின்பதற்கு ஒரு தேயிலை

நான் வேலை பார்த்த கடையில் இப்போது கொள்முதலுக்கென்று தனி ஆள் கிடையாது. போனில் சொன்னால் சரக்கு லாரியில் வந்து இறங்கிவிடுகிறது. சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்காடு போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். இப்போதைய மானேஜர் என்னை உட்காரவைத்து, குடும்பத்தோடு மூணாறு போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார். என் பழைய வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர், எங்கேயும் கிடைக்காத சாமானையெல்லாம் அந்தக் காலத்தில் எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்றார். கடை வாசலில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இருந்த பூமி அண்ணன்கள் இருவருக்கே பற்றவில்லை. பாலக்காட்டுப் பெரிய கடைவீதியில் காசிம் ராவுத்தரின் மளிகைக் கடையில் சேர்ந்தேன். அப்போது பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. வேறெங்கும் கிடைக்காத சாமான் அந்தக் கடையில் கிடைக்கும் என்று பெயர். பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வரும் கல்பாத்திக் குடும்பங்கள் நல்ல குங்குமப்பூ கேட்பார்கள். மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் அன்னாசிப்பூவும் இறால் கருவாட்டுப் பொடியும் கேட்பார்கள். ஒலவக்கோட்டு ரயில்வே குடியிருப்பிலிருந்து ஆங்கிலோ இந்திய டிரைவர்கள் சீமைக் கடுகுப் பொடிக்கு வருவார்கள். இல்லை என்று சொல்வது முதலாளிக்குப் பிடிக்காது. "வரும்" என்பார். அதை வரவழைப்பது என் வேலை.

முதல் இரண்டு மூன்று வருடங்கள் அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. செய்வார், நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கொள்முதல் நாளில் வெற்றிலை போடமாட்டார். காலையில் உப்பில்லாத கஞ்சி மட்டும்தான். ஏலக்காய் மூட்டை என்றால் வாயருகே இருப்பதைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். ஒரு காயை உரித்து, தோலைத் தனியாக முகர்வார், உள்ளே இருக்கும் அரியை, அதாவது விதையை, தனியாக முகர்வார். அரி கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால்தான் அடுத்த காயை எடுப்பார். பெருங்காயத்தில் ஒரு துளி கிள்ளி நெருப்புக்குச்சியில் காட்டுவார். கற்பூரம் மாதிரி எரிய வேண்டும். இன்னொரு துளியைத் தண்ணீரில் போடுவார். பால்போலக் கரைய வேண்டும். சரக்கு பிடித்தால் "இறக்கு" என்று ஒரு சொல். பிடிக்காவிட்டால் எதுவும் சொல்லாமல் மூட்டையின் வாயைத் தன் கையாலேயே, முன்பு இருந்ததைவிட நன்றாகக் கட்டிவிட்டு எழுந்துவிடுவார். நான் பார்த்து எடுத்த சரக்கு நல்லது என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் என்னைத் தனியாக அனுப்பத் தொடங்கினார். அதுவே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு வருடத்தில் பாதி நாள் வெளியூர்தான். ஏலத்துக்கும் பூண்டுக்கும் வெல்லத்துக்கும் மலைமேல் போவேன். காயத்துக்கும் பேரீச்சைக்கும் கொச்சி. மற்றதற்கெல்லாம் மதராஸ். எந்த ஊரில் எந்தக் கடையில் ரசம் நன்றாக இருக்கும், எங்கே பழைய எண்ணெய், எங்கே பதினொரு மணிக்கு மேல் போனால் மீன் தீர்ந்துவிடும் என்பதெல்லாம் இப்படித்தான் தெரிய வந்தது. எனக்கென்று சமைக்க எங்கேயும் ஆள் இல்லாததால் தெரிய வந்தது என்றும் சொல்லலாம். பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் ஊரில் இருப்பார் என்று பெண்வீட்டார் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். பிறகு அண்ணன்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். எங்கேயாவது ஒரு குழம்பு அற்புதமாக இருந்தால் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வேன். ஆமாம் என்பார். கையைக் கழுவிக்கொண்டு தன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்.

மூணாறில் நான் கடையில் சாப்பிடுவதில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற மாடத்தி என்ற பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான தன் வீட்டில் லாரிக்காரர்களுக்குப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் செய்து விற்பார். தாய் தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். கணவர் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. ஒரு லாரி டிரைவர்தான் எனக்கு அந்த வீட்டைக் காட்டினார். பிறகு நான் எத்தனையோ பேருக்குக் காட்டினேன்.

இனி முதலாளியின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளி இளம் வயதில் பர்மாவில் மௌல்மீன் பட்டணத்தில் கடை வைத்திருந்தார். அங்கேயே ஒரு பர்மாக்காரப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். மைமூன் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பான் சண்டை வந்து குண்டு விழப்போகிறது என்றபோது இருவரும் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஏறி வந்தார்கள். குழந்தைகள் இல்லை. கடை ஆட்கள் நாங்கள் அவரை அம்மா என்போம். கடையில் இருந்து பழகியதால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அவருடைய பாஷையில் ஒரு வார்த்தை பேச பாலக்காட்டில் யாரும் இல்லை. முதலாளிக்கு அது தெரியும் என்றாலும் வியாபாரத்துக்கு வேண்டிய அளவுதான் தெரியும்.

அம்மாவின் வீட்டார் எல்லோரும் குண்டுவீச்சில் போய்விட்டார்கள் என்றே பல வருடம் நம்பியிருந்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மௌல்மீனிலிருந்து திரும்பிய ஒரு ராவுத்தர், அம்மாவைப் பெற்றவள் உயிரோடு இருக்கிறாள், தனியாகத்தான் இருக்கிறாள் என்று வந்து சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அங்கே உள்நாட்டுச் சண்டை நடக்கிறது, ரயிலைக் கவிழ்க்கிறார்கள், இப்போது முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டாக்டர் பார்த்து நோய் ஒன்றுமில்லை என்றார். டானிக் எழுதிக் கொடுத்தார்.

ஒருநாள் மதியம் முதலாளி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அதுவரை அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி நான் போனதில்லை.

"இது கடைக்கு உள்ள சாமான் அல்ல, பழனி. ஊட்டுக்கு உள்ளது," என்றார். "அவ தேயிலை கேக்குறா. குடிக்கிற தேயிலை அல்ல. தின்னுற தேயிலை. அது இருந்தா ரெண்டு வாய் சோறு எறங்குமாம்."

அம்மா உள்நடைக் கதவருகே வந்து நின்றார். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதன் பெயர் லப்பெ என்றார். இளம் தேயிலையை ஊறுகாய் மாதிரி மாதக்கணக்கில் ஊறவைப்பார்களாம். வறுத்த பூண்டு, எள், நிலக்கடலை, காய்ந்த இறால் எல்லாம் அதோடு சேர்த்து எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்களாம். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் வைப்பார்களாம். இரண்டு பேருக்குள் சண்டை தீர்ந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் தின்பார்களாம்.

தேடினேன். கொச்சியில் கப்பல் சமையற்காரர்களைப் பிடித்துக் கேட்டேன். பெயர் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கையில் வைத்திருந்தவர் இல்லை. மதராஸ் துறைமுகத்துக்குப் பின்னால் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருந்த குடிசைகளுக்குப் போனேன். அங்கே ஒரு முதியவளிடம் சிறிய ஜாடியில் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இருந்தது. என்ன விலை என்றாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, ருசி தெரிந்தால்தானே தேட முடியும், தின்றுவிட்டுப் போ, எனக்கு இதுதான் கடைசி என்று மூடிவைத்துவிட்டாள். முதலில் கசந்தது. பிறகு புளித்தது. துப்பலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் ஊறியது. இப்படி ஒரு ருசியை நான் அதுவரை அறிந்ததில்லை.

கப்பல் சமையற்காரர் ஒருவர் ரங்கூனிலிருந்து ஒரு டின் கொண்டுவருவதாகச் சொன்னார். சொன்னபடியே கொண்டும் வந்தார். பாலக்காட்டில் திறந்தபோது மேலே பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது. அம்மா முகர்ந்து பார்த்தார். மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தார். "பரவாயில்லை பழனி. நீ அலைஞ்சே," என்றார். அதைவிட அவர் கோபித்திருக்கலாம் என்று இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வராது என்று அன்று எனக்குப் புரிந்தது. இது எப்படிச் செய்கிறது என்று கேட்டேன். அம்மா சிறுமியாக இருந்தபோது பெரியம்மா வீட்டுக்கு மலைமேல் போனதுண்டாம். கொழுந்தை ஆவியில் வேகவைப்பார்கள், பாயில் போட்டுக் கையால் பிசைவார்கள், சாற்றைப் பிழிந்துவிட்டு மூங்கில் குழலில் இறுக்கி அடைத்து மண்ணில் புதைப்பார்கள். இவ்வளவும் அவருக்கு நினைவிருந்தது. அடுத்த முறை மூணாறு போனபோது ரோட்டோரச் செடியில் கிள்ளிய கொழுந்தை மாடத்தியிடம் கேட்டு வாங்கி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். வந்து பிரித்தால் இலை செம்பு நிறமாகிவிட்டிருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாடுவதற்கு முன்பே ஆவி காட்ட வேண்டும் என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அங்க போறேன். ஒரு தடவை."

 முதலாளி வீட்டுப் பெண்கள் அப்படிப் போகிற வழக்கம் இல்லை. கடைவீதி என்ன பேசும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடைசியில், அந்த மாடத்தி வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். இருக்காங்க மொதலாளி என்றேன். அப்படியானால் ஜீப்புக்குச் சொல்லு என்றார்.

கோடை மழை இரண்டு பெய்து கொழுந்து துளிர்த்திருந்த சமயம். மூவரும் கிளம்பினோம், உடுமலைப்பேட்டை வரை ரயில், அங்கிருந்து ஜீப். சின்னாறு தாண்டி மறையூர் ஏறும்போது அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தேயிலைச் சரிவுகள் தெரியத் தொடங்கியதும் முகத்திரையை ஒதுக்கிவிட்டார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோட்டத்துக் கொழுந்து முழுக்கத் தோட்டத்தின் கணக்கு. ஒரு பிடி எடுக்க முடியாது. ஆனால் ஓடைச் சரிவில் வெட்டாமல் விட்டு மரமாக வளர்ந்துபோன பழைய செடிகள் இருந்தன. அதில் பறித்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். மாடத்தியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் பறித்தார்கள். அம்மாவும் பறித்தார். இட்லிக் கொப்பரையில் ஆவி காட்டி, பாயில் கொட்டி, நால்வரும் வட்டமாக உட்கார்ந்து பிசைந்தார்கள். கை பச்சையாகிவிட்டது. மலைவாசிகளின் முதுவாக்குடியிலிருந்து ஒருவர் மூங்கில் வெட்டிக் கொண்டுவந்தார். மாடத்தி அம்மாவிடம் பர்மாவில் இதற்கு என்ன சொல்வார்கள், அதற்கு என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொன்னார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நானும் முதலாளியும் வெளியே காலித் தேயிலைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சிரிப்பு அம்மாவுடையது என்று எனக்கு உடனே தெரியவில்லை, கேட்டதே இல்லை. முதலாளிக்குத் தெரிந்தது. அவர் ஃபாக்டரிப் புகைக்குழாயைப் பார்த்தபடி இருந்தார்.   வேலை முடிந்ததும் அம்மாவும் மாடத்தியும் கை கழுவ ஓடைக்கு இறங்கினார்கள். திரும்பி வர நேரமாயிற்று. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று நான்தான் குரல் கொடுத்தேன்.

குழல்களை மாடத்தி அடுக்களைக்குப் பின்னால் புதைத்து மேலே கல்லை ஏற்றியிருந்தார். பெருமழை ஓய்ந்த பிறகு பூண்டு எடுக்கப் போனபோது தோண்டி எடுத்து வந்தேன். சின்னாறு செக்போஸ்டில் மலையாளத்துப் போலீஸ்காரர், "இதெந்தா?" என்று குழலைத் தட்டினார். ஊறுகாய் என்றேன். வாயைத் திறந்து முகர்ந்தவர் உடனே மூடி, போ போ என்று கையைக் காட்டினார்.

அம்மா அதைக் கையில் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.  அவர் எழுந்து போய்ப் பூண்டை வறுத்தார், எள்ளை வறுத்தார், எல்லாம் சேர்த்துப் பிசைந்து, என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்று பேரும் ஒரே தாம்பாளத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம். அம்மா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதலாளி தலை குனிந்தபடி தின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் உடம்பு தேறியது. கையில் சதை வைத்தது. மார்கழிப் பனிக்குள் நன்றாக நடமாடத் தொடங்கிவிட்டார். அப்போது மறுபடியும் கேட்டார், தாயாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று.

முதலாளி அதைக் கடையில் என்னிடம் சொன்னார். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னார்.

"மொதல்ல சண்டையைச் சொல்லித் தடுத்தேன், படுத்துக் கெடக்கையில உடம்பைச் சொல்லித் தடுத்தேன். இப்ப தேறிட்டா. இனி என்னத்தைச் சொல்லித் தடுக்குறது, பழனி?"

கேட்டுவிட்டு, திறந்திருந்த ஒரு மூட்டையின் வாயைத் தன் கையாலேயே கட்டினார். 

ஆறு மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. முதலாளியே மதராஸ் வரை கூடப்போய் அம்மாவைக் கப்பல் ஏற்றினார். திரும்பிய அன்றே கடையைத் திறந்து உட்கார்ந்தார். ஆறு மாதம் போயிற்று. தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார், விட்டு வர முடியவில்லை என்று அங்கிருந்து வந்தவர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவரை அழைத்துவரப் போகலாமே என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதற்கு, முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். மைமூன் என்ற பெயரை அவர் வாயால் அதன்பின் நான் கேட்டதில்லை. கடையில் யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த கோடையில் மூணாறு போனபோது மாடத்தியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன். மழைக்குப் பிறகு போனால், புட்டைச் சாப்பிட்டு எழுந்தவனிடம் ஒரு மூங்கில் குழலைக் கொண்டுவந்து கொடுத்து, முதலாளி வீட்டில் கொடுங்கள் என்றார். பாவம், அம்மாவுக்கென்று கட்டியிருக்கிறார், ஊருக்குப் போய்விட்டது தெரியாது என்று நினைத்தேன். அதைச் சொல்லாமலே வாங்கிக்கொண்டேன்.

முதலாளி அதைத் தூக்கி எறிவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "யாரு கெட்டுனது?" என்று கேட்டார். மாடத்தி என்றேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கோடையில் நான் மலைக்குக் கிளம்பும்போது, கழுவி வெயிலில் காயவைத்த காலிக் குழலை என்னிடம் நீட்டினார். திருப்பிக் கொடு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லு என்றார். நான் போய் அப்படியே சொன்னேன். மாடத்தி சந்தோஷப்பட்டார். மழைக்குப் பிறகு நிறைந்த குழல் வரும், கோடையில் காலிக் குழல் போகும். இப்படியே வருடக்கணக்காக நடந்தது. அதைப் பற்றி முதலாளியும் நானும் இரண்டாவது வார்த்தை பேசியதில்லை.

கேரளா பிரிந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். முதலாளி ஒரு காலை நேரத்தில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சாமான்களை ஒதுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அடுக்களை ஜன்னலில் மூங்கில் குழல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மாடத்தியிடம் அதைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். "இனிமே கட்ட வேண்டாமுங்க அக்கா. மொதலாளி தவறிட்டாருங்க. அம்மாவும் இங்க இல்லீங்க, பர்மா போயி வருசக்கணக்காச்சு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசு வரலீங்க."

மாடத்தி கீழே உட்கார்ந்துவிட்டார். 

"அம்மா போனது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு ஓடையில கை கழுவும்போதே எங்கிட்டச் சொல்லிட்டாவ. ‘நான் எங்க ஆத்தாட்ட போயிருவேன், திரும்ப முடியுமோ என்னமோ, வருசம் தவறாம அவுகளுக்கு ஒரு குழல் கட்டிக் குடு மாடத்தி’ன்னாவ. ‘எம்பேரு மட்டும் சொல்லிராத, சொன்னா தொடமாட்டாவ’ன்னாவ." குழலை மடியில் வைத்துத் தடவினார். "அய்யா தின்னாவளா?"

"தின்னாருங்க," என்றேன்.

எத்தனை வருடம் அதை நான் கையில் சுமந்து போயிருக்கிறேன். மனைவி அனுப்பியது என்று தெரியாமலே அவர் அதைத் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறார். மாடத்தியிடம் ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேனா, சொன்னால் தொட்டிருப்பாரா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன். மாடத்தி குழலைப் பார்த்துக்கொண்டு, "இனி இத யாருக்குக் கட்ட?" என்றார்.

"எனக்குக் கட்டுங்க அக்கா," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, குழலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.